ஒரு செல்லை நசுக்காமல் பிடிப்பது எப்படி? விசையை அளக்கும் நுண்ணிடுக்கிகள்

"உயிருள்ள செல்லைத் தூக்கும் ரோபோ", "தொடு உணர்வு பெற்ற அறுவை ரோபோ", "உடலுக்குள் உலாவும் நுண்கைகள்" என்று தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீலப் பின்னணியில் ஓர் உலோகக் கை, அதன் விரல் நுனியில் ஒரு சிவப்பணு. படம் கற்பனை, அதை விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தலைப்புகள் பேசுவது மூன்று வெவ்வேறு கருவிகளை. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

1. அறுவை அரங்கில் நிற்கும் பெரிய ரோபோ. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பின் அனுமதி பெற்ற டா வின்சி 5 இந்த வகை. திசுவைத் தள்ளும்போதும் இழுக்கும்போதும் எவ்வளவு விசை விழுகிறது என்பதை மருத்துவரின் கைப்பிடிக்குத் திருப்பி உணர்த்துவது அதில் வந்த புதுமை. கருவிகளின் தடிமன் மில்லிமீட்டர் கணக்கில்.

2. நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்யும் சிப். கணினிச் சிப் செய்யும் அதே முறையில் சிலிக்கானில் வெட்டி எடுத்த இரண்டு மெல்லிய கைகள், நடுவில் ஒரு செல். இதைத்தான் இங்கே நுண்ணிடுக்கி என்கிறேன்.

3. கம்பி இல்லாமல் உடலுக்குள் விடப்படும், நட்சத்திர வடிவத்தில் விரிந்து மூடும் துகள்கள்.

கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அங்கே கற்ற பாடம் நோயாளியை நெருங்கும் இடம் கண் அறுவை என்பதால் அதுவும் விரிவாக வரும். மூன்றாவதற்குச் சில வரிகள் போதும்.

## எவ்வளவு சிறிய விசை?

சுமார் 100 கிராம் பொருளை உள்ளங்கையில் வைத்தால் கை தாங்குவது ஒரு நியூட்டன். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிநியூட்டன், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோநியூட்டன், நூறு கோடியில் ஒரு பங்கு நானோநியூட்டன்.

ஓர் அரிசிமணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். அதன் எடையை விசையாகச் சொன்னால் 0.2 மில்லிநியூட்டன், அதாவது இரண்டு லட்சம் நானோநியூட்டன். தனிச் செல்லைப் பிடிக்க ஆய்வகங்களில் பயன்பட்ட விசை 20 நானோநியூட்டன் வரை இறங்கியிருக்கிறது. அரிசிமணியின் எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

செல்லின் சொந்த எடை இதைவிடவும் சொற்பம். 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லின் நிறை இரண்டு நானோகிராமுக்கும் குறைவு. அது மிதக்கும் திரவம் தாங்கிக்கொள்வதைக் கழித்தால், புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பது ஒரு நானோநியூட்டனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆக, "செல்லைத் தூக்கப் பலம் வேண்டும்" என்ற பேச்சே இங்கே இல்லை. தூக்குவதற்கு எதுவுமே வேண்டாம். பிடிப்பதற்கும் விடுவதற்கும்தான் எல்லாப் பாடும்.

காரணம் அளவு சுருங்கும்போது விசைகளின் வரிசை மாறிப்போவது. ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விசை ஏறத்தாழ பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். நம் கை பழகிய உலகில் எடை ராஜா, ஒட்டல் தூசு. மைக்ரோமீட்டர் உலகில் நேர் எதிர்.

## பார்த்தால் போதாதா, அளக்க வேண்டுமா?

நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே பிடிக்கலாமே என்று தோன்றும். அப்படியும் செய்தார்கள். 1992-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிம், பிசானோ, முல்லர் மூவரும் செய்த சிலிக்கான் நுண்ணிடுக்கி 2.7 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டைகளையும், உலர்ந்த சிவப்பணுக்களையும், ஒற்றைச் செல் உயிரிகளையும் பிடித்துக் காட்டியது. அதில் விசை அறியும் சென்சார் இல்லை. உலர்ந்த சிவப்பணு நசுங்கினால் கேட்க யாருமில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

உயிரோடு இருக்கும் செல் என்றால் கதை வேறு. அளப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எல்லோரும் ஊகிப்பது: செல் சிதையக் கூடாது. மேலிருந்து பார்க்கும் நுண்ணோக்கியில் செல் எவ்வளவு அமுங்கியது என்பது ஓரளவுதான் தெரியும். மென்மையான செல்லும் விறைப்பான செல்லும் ஒரே அளவு அமுங்கினால், இரண்டின் மேல் விழுந்த விசை பல மடங்கு வேறுபடலாம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விறைப்பே ஒரு தகவல். எலியின் கருமுட்டையைச் சுற்றியுள்ள உறை கருவுற்ற பிறகு கெட்டிப்படும். 2003-இல் யூ சுன், பிராட்லி நெல்சன் உள்ளிட்டோர் அளந்தபோது அதன் மீள்மைக் குணகம் (விறைப்பைச் சொல்லும் எண்) 17.9 கிலோபாஸ்கலில் இருந்து 42.2-க்கு ஏறியிருந்தது. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு விறைத்துப்போகிறது. பரவும் தன்மையுள்ள புற்றுசெல்கள், அதே நோயாளியின் இயல்பான செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்ததாகக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு 2007-இல் காட்டியது. அங்கே பயன்பட்டது அணுவிசை நுண்ணோக்கி. அது செல்லை மேலிருந்து குத்திப் பார்க்கும், செல் தரையில் ஒட்டியிருக்க வேண்டும். இடுக்கியோ மிதக்கும் செல்லை இருபுறமும் பிடித்து, அமுக்கி, அளந்து, வேறிடத்தில் கொண்டுபோய் வைக்கலாம்.

## இடுக்கி எப்படி மூடுகிறது?

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பரவலாக உள்ள வழிகள் இரண்டு.

ஒன்று நிலைமின்சார முறை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு சீப்புகள்; மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்றையொன்று இழுக்கும். நூறு பற்கள், 50 மைக்ரோமீட்டர் ஆழம், 5 மைக்ரோமீட்டர் இடைவெளி, 100 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது சுமார் 90 மைக்ரோநியூட்டன். செல்லுக்குத் தாராளம். சூடாகாது என்பது பெரிய லாபம். ஆனால் சீப்புக்குள் தண்ணீர் புகுந்தால் வேலை முடிந்தது.

மற்றொன்று வெப்ப முறை. மெல்லிய கைக்குள் மின்சாரம் பாய்ச்சினால் அது சூடேறி நீளும். அந்த நீட்சி நுனியை நகர்த்தும். சில வோல்ட்டே போதும். 2005-இல் க்ரோனிஸ், லீ இருவரும் எஸ்யூ-8 என்ற பாலிமரில் செய்த இடுக்கி ஓரிரு வோல்ட்டில், திரவத்துக்குள்ளேயே, ஹீலா செல்லை (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனிதப் புற்றுசெல் வகை) பிடித்தது. வெப்பம் நுனிவரை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் சிரமம். செல் வளரும் 37 டிகிரிக்கு மேலே ஏழெட்டு டிகிரி ஏறினாலே புரதங்கள் கெடத் தொடங்கும்.

## விசையை எப்படி அளக்கிறார்கள்?

இந்த இடுக்கிகளில் விசையை நேராக அளப்பதில்லை. ஏதாவது ஒன்று வளைய வேண்டும், வளைவை அளக்க வேண்டும். காய்கறிக் கடையில் தொங்கும் சுருள்வில் தராசு செய்வதும் அதுவே. நுண்ணிடுக்கியில் வேறுபடுவது வளைவின் அளவு.

பிடிக்கும் இரண்டு கைகளில் ஒன்று மட்டும் நகரும். மற்றது சும்மா நிற்பதுபோல் தெரியும், ஆனால் மெல்லிய சிலிக்கான் வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். நகரும் கை செல்லைத் தள்ள, செல் நிற்கும் கையைத் தள்ள, வில் வளையும். வில்லின் விறைப்பு ஒரு மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றால், 20 நானோநியூட்டன் விசைக்கு அது நகர்வது 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியில் இது தெரியாது, ஒளியின் அலைநீளமே நானூறு நானோமீட்டருக்கு மேல். அதனால் நிற்கும் கையின் வாலில் மின்தேக்கித் தகடுகளை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் எதிரெதிர்த் தகடுகளை, வைக்கிறார்கள். தகடுகளின் இடைவெளி 5 மைக்ரோமீட்டர் என்றால் 20 நானோமீட்டர் நகர்வில் மின்தேக்கம் 0.4 சதவீதம் மாறும். அந்த மாற்றத்தை மின்சுற்று படித்துவிடும். ஒரு பக்கம் இடைவெளி குறையும்போது மறுபக்கம் கூடுமாறு இரட்டைத் தகடுகள் வைத்து வித்தியாசத்தை மட்டும் எடுத்தால், சூழலால் வரும் பொதுவான ஏற்ற இறக்கம் கழிந்துவிடும்.

வில்லை இன்னும் மெலிதாக்கினால் இன்னும் சிறிய விசையை அளக்கலாமே? ஓரளவுக்கு. மெலிய மெலிய கை தளர்ந்து, மேசையின் அதிர்வுக்கும் அறையின் காற்றுக்கும் ஆடத் தொடங்கும். செய்யும்போதே ஒடிவதும் உண்டு.

2007-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகக் குழு சீப்பு இயக்கியையும் மின்தேக்கிச் சென்சாரையும் ஒரே சிப்பில் வைத்தது. அடுத்த ஆண்டு டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் கீக்யங் கிம், யூ சுன் உள்ளிட்டோர் காட்டியது இன்னும் ஒரு படி மேலே. வெப்ப முறையில் மூடும் அவர்களது இடுக்கி இரண்டு திசைகளில் விசையை அறிந்தது: கைகளுக்கு நடுவில் விழும் பிடிவிசை ஒன்று, நுனி தரையில் மோதுவதைச் சொல்லும் தொடுவிசை மற்றொன்று. பிடிவிசையில் சுமார் 20 நானோநியூட்டன், தொடுவிசையில் சுமார் 38 வரை பிரித்தறிந்தது. பன்றியின் இதய வால்வுச் செல்களை 20 நானோநியூட்டன் அளவில் கட்டுப்படுத்திப் பிடித்தார்கள். அளவுகோலின் மிகச்சிறிய கோடும் பிடித்த விசையும் ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கவனியுங்கள். சாதனைதான், சென்சாரால் இதற்குக் கீழே பார்க்க முடியாது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

இரண்டாவது திசை எதற்கு? கீழே தட்டு எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கி சரியாகச் சொல்லாது. நுனி தட்டில் இடித்தால் சிலிக்கான் படாரென்று ஒடியும். தொட்ட நொடியே சென்சார் சொல்லிவிட்டால், அங்கிருந்து சில மைக்ரோமீட்டர் மேலே ஏற்றி வேலையைத் தொடங்கலாம். ஆய்வகத்தில் அன்றாடம் காசு மிச்சப்படுத்துவது இந்தத் தொடுவிசைதான்.

சென்சாரே வைக்காமல் அளக்கும் வழியும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.கே. அனந்தசுரேஷின் குழு 2010-இல் வெளியிட்ட வேலை அப்படிப்பட்டது. மூட்டுகளே இல்லாமல், வளைவதாலேயே நகரும் சிறு இடுக்கிகள். கேமரா அவற்றின் வளைவைப் படம் பிடிக்கும். அந்த வளைவு எந்த விசையால் வந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிடும். சிப்புக்குள் மின்சுற்று வேண்டாம், செலவு குறைவு. நானோநியூட்டனுக்கு இது இறங்காது. வரிக்குதிரை மீனின் முட்டை போன்ற, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய உயிர்ப் பொருள்களுக்குப் பொருந்தும்.

## தண்ணீரில் இறங்கும் நொடி

செல்லைக் காற்றில் வைக்க முடியாது. ஊட்டத் திரவத் துளிக்குள் இருக்கும். சிப்போ நனையக் கூடாது. ஆகவே நுனி மட்டும் துளிக்குள் இறங்க, மற்ற பாகம் வெளியே நிற்க வேண்டும். நுனி நீர்ப்பரப்பைக் கடக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை அதைப் பற்றிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையின் குறுக்குவெட்டு 10-க்கு 50 மைக்ரோமீட்டர் என்றால் சுற்றளவு 120 மைக்ரோமீட்டர். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் அதிகபட்சம் சுமார் 8.6 மைக்ரோநியூட்டன், அதாவது 8,600 நானோநியூட்டன். நாம் அளக்க வந்ததோ 20. குறுக்கீடு தகவலைவிட நானூறு மடங்கு!

நல்லவேளை, இந்த இழுப்பின் பெரும்பகுதி கையின் நீளவாக்கில் விழுகிறது, பிடிவிசை குறுக்குவாக்கில். சென்சார் குறுக்கு அசைவுக்கு மட்டும் மெலிந்தும் நீளவாக்கில் விறைத்தும் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் கையின் ஒரு பக்கம் சற்றே அதிகம் நனைந்தால், துளி ஆவியாகி மட்டம் இறங்கினால், குறுக்குவாக்கிலும் ஒரு பங்கு கசியும். அதனால் நுனியைத் துளிக்குள் இறக்கி, நிலைத்ததும் சென்சாரைப் பூஜ்ஜியமாக்கி, பிறகே செல்லை நெருங்குகிறார்கள். நீண்ட நேரம் பிடித்து வைத்து அளந்த எண்களைப் பார்க்கும்போது, அந்தப் பூஜ்ஜியம் இடையில் நகர்ந்ததா என்று சொல்லியிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

## பிடித்தாயிற்று, அப்புறம்?

விடுவதுதான் கஷ்டம். கைகளைத் திறந்தாலும் பொருள் ஒரு கையோடு ஒட்டிக்கொண்டு போகும். எடை அதைக் கீழே இழுக்காது என்பதை ஏற்கெனவே பார்த்தோம். உதறிப் பார்க்கலாம், தரையில் தேய்க்கலாம், நுனியில் ஒட்டாத பூச்சு பூசலாம். உலர்ந்த நிலையில் ஒட்டல் இன்னும் மோசம். டொரோன்டோ குழு 2009-இல் வேறொரு வழி காட்டியது: இரண்டு கைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு முனை, ஒட்டிக்கொண்ட நுண்ணுருண்டையை அது பின்னாலிருந்து வேகமாகத் தட்டிவிடும். அந்தச் சோதனைகள் கண்ணாடி உருண்டைகளை வைத்து. உயிர்ச்செல்லை அப்படித் தட்டலாமா என்பது தனிக் கேள்வி. திரவத்துக்குள் ஒட்டல் குறைவு என்பது செல் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த சலுகை.

## கண்ணுக்குள்: சென்சார் எங்கே இருக்கிறது?

இப்போது நோயாளியிடம் வருவோம். விழித்திரை அறுவையில் மருத்துவர் உரித்தெடுக்கும் உள் எல்லைப் படலத்தின் தடிமன் இரண்டு மூன்று மைக்ரோமீட்டர். வெள்ளைவிழியில் போட்ட சிறு துளை வழியாக அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இடுக்கியை விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி அதைக் கிள்ளி உரிக்க வேண்டும். தேர்ந்த கைக்கும் 100 மைக்ரோமீட்டர் அளவில் நடுக்கம் உண்டு.

1999-இல் குப்தா, ஜென்சன், டி ஹுவான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விழித்திரையில் நடக்கும் தொடுகைகளில் முக்கால்வாசி 7.5 மில்லிநியூட்டனுக்குக் குறைவு. அந்த அளவு விசைகளில் மருத்துவரின் கை உணர்ந்தது 19 சதவீதத்தை மட்டுமே. 7.5 மில்லிநியூட்டன் என்பது நாற்பது அரிசிமணியைக் கூட எட்டாத எடை. செல்லைப் பிடித்த 20 நானோநியூட்டனோடு ஒப்பிட்டால் மூன்றே முக்கால் லட்சம் மடங்கு. இரண்டையும் "நுண்விசை" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

அளவு பெரிதானதால் வேலை எளிதாகிவிடவில்லை. சென்சாரைக் கைப்பிடியில் வைத்தால் பயனில்லை. கருவி வெள்ளைவிழித் துளையில் உரசும் விசை, விழித்திரையில் விழும் விசையைவிடப் பெரியது. கைப்பிடியில் இருக்கும் சென்சார் அந்த உரசலைத்தான் படிக்கும். சென்சார் துளையைத் தாண்டி, கண்ணுக்குள்ளே, நுனிக்கு அருகில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தண்டில், உப்பு நீருக்குள், உயிருள்ள கண்ணில் மின்கம்பி இல்லாமல்.

இதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு எடுத்த வழி ஒளியிழை. இழைக்குள் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகளைப் பொறித்துவிடுவார்கள். பிராக் கிரேட்டிங் என்று பெயர். இழை துளி நீண்டாலும் திரும்பும் அலைநீளம் மாறும். தண்டைச் சுற்றி மூன்று இழைகளை ஒட்டினால், தண்டு எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்தது என்பது மூன்றின் வித்தியாசத்தில் தெரியும். வெப்பநிலை மாறினால் மூன்றும் சேர்ந்தே மாறும், அதைக் கழித்துவிடலாம். 2009-இல் அவர்கள் காட்டிய அரை மில்லிமீட்டர் கருவி 0.25 மில்லிநியூட்டன் வரை பிரித்தறிந்தது. முதலில் செய்தது கொக்கி. சில ஆண்டுகளில் இடுக்கியும் வந்தது. அளந்த விசையை ஒலியாக்கி, எல்லை நெருங்க நெருங்க பீப் ஒலி வேகமாகும்படியும் செய்து பார்த்தார்கள். உணர முடியாததைக் காதால் கேட்பது, கைப்பிடியை அதிர வைப்பதைவிட எளிய ஏற்பாடு.

இங்கே ஒரு நுட்பம். இந்தக் கண் இடுக்கி அளப்பது திசுவை இழுக்கும் விசையை, நுனிகளுக்கு நடுவில் படலம் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை அல்ல. செல் இடுக்கியில் முதன்மையானது நேர் எதிர்: பிடிவிசை. உரிக்கப்போகும் படலம் நசுங்கினால் கவலையில்லை, அதன் அடியில் இருக்கும் விழித்திரை கிழியக் கூடாது. செல் நசுங்கினால் எல்லாம் போச்சு. ஒரே பெயர், ஒரே வடிவம், ஆனால் எந்த விசை முக்கியம் என்பது தலைகீழ்.

கண்ணுக்குள் ரோபோ என்பது கற்பனை அல்ல. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் ராபர்ட் மக்லாரன், பிரிசைஸ் நிறுவனத்தின் ரோபோவைக் கொண்டு மனிதக் கண்ணுக்குள் அறுவை செய்தார். அங்கே ரோபோ தந்தது நடுக்கமில்லாத நகர்வு.

## கம்பியில்லாத் துகள்கள்

மூன்றாவது வகைக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேவிட் கிராசியஸ் குழு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய நட்சத்திரங்கள். வெப்பம் பட்டதும் உள்ளே இருக்கும் படலம் இளகி, அடக்கி வைத்திருந்த இறுக்கத்தால் விரல்கள் மடங்கும். பன்றியின் பித்தநாளத்தில் திசு மாதிரி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2020-இல், கொக்கிப்புழு குடல்சுவரைக் கவ்வுவதைப் பார்த்து, எலிகளின் குடலில் ஒட்டிக்கொண்டு மருந்து விடும் வடிவமும் வந்தது. அழகான வேலை. ஆனால் விசையை அளந்து திருப்பிச் சொல்ல இவற்றுக்கு வழியில்லை. எவ்வளவு இறுக்கமாக மூட வேண்டும் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். ஒருமுறை மூடினால் மூடியதுதான். "உணர்வுள்ள நுண்கை" என்று இவற்றை அழைப்பது மிகை.

## செய்தியில் ஓர் எண் வந்தால்

"இத்தனை நானோநியூட்டன் துல்லியம்" என்று படிக்கும்போது கேட்க வேண்டியவை:

1. எந்த விசை? பிடிவிசையா, இழுவிசையா, தரையைத் தொட்ட விசையா?

2. சென்சார் எங்கே? நுனிக்கும் சென்சாருக்கும் நடுவில் உரசும் மூட்டோ, நீர்ப்பரப்போ, உடலின் துளையோ இருந்தால் அந்த எண்ணில் அவையும் கலந்திருக்கும்.

3. எதில் அளந்தார்கள்? காற்றில் கிடைத்த துல்லியம் திரவத்தில் கிடைக்காது.

4. எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? நானோநியூட்டனுக்குக் கடையில் எடைக்கல் கிடைக்காது. 0.1 மைக்ரோகிராம் வரை காட்டும் மிக நுண்ணிய தராசும் ஒரு நானோநியூட்டனில் நின்றுவிடும். அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. இதற்கென்றே நிலைமின் விசைத் தராசு ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. சென்சாரின் விறைப்பை வரைபடத்து அளவுகளிலிருந்து கணக்கிட்டோம் என்றால் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்: வில்லின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது, தயாரிப்பில் தடிமன் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு 27 சதவீதம் குறையும்.

5. ஒடிந்தால் என்ன ஆகும்? பெட்ரி தட்டில் சிலிக்கான் நுனி ஒடிந்தால் சிப்பை மாற்றிவிட்டுத் தொடரலாம். கண்ணுக்குள் ஒடிந்தால் அந்தத் துணுக்கைத் தேடி எடுப்பதே இன்னோர் அறுவை. கண்ணுக்குள் போகும் கருவிகள் உலோகத் தண்டும் ஒளியிழையுமாக இருப்பதற்கும், சிலிக்கான் நுண்ணிடுக்கி ஆய்வக மேசையிலேயே நிற்பதற்கும் பெரிய காரணம் இதுதான்.